மூன்று பேருக்கு ஒரு லப்டொப் போதுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கமாக ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். மூன்று சிறு வியாபார நிலையங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கிழமையில் இரண்டு நாள் புறக்கோட்டைக்குப் போய் அங்கேயே இருந்து செய்ய வேண்டும், மற்ற நாட்களில் வீட்டில்தான் வேலை. மகன் அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறான். தகவல் தொடர்பாடல் தொழினுட்பமும் ஒரு பாடம். மகள் தரம் 7. வீட்டில் இருப்பது 2014இல் வாங்கிய டெஸ்க்டொப். விண்டோஸ் 10 போட்டிருக்கிறது. ஸ்விட்சைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்தாலும் அது எழும்பாது. திருத்தக் கொடுத்த இடத்தில், "இதை எறிஞ்சுபோட்டு நல்ல லப்டொப் ஒண்டு எடுங்கோ, மூண்டு பேரும் பாவிக்கலாம்" என்றார்கள். டொரொன்டோவில் இருக்கும் தம்பி ஆடிவேலுக்கு வருகிறான். "நான் ஒண்டு வாங்கிக்கொண்டு வாறன் அக்கா" என்கிறான். என் கையில் இரண்டு லட்சம் ரூபா இருக்கிறது. லப்டொப் நல்லதா, டெஸ்க்டொப் நல்லதா?

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் வீட்டுக்கு இரண்டும் வேண்டும். செலவு இரட்டிக்குமே என்று பதற வேண்டாம். தம்பி கொண்டு வரும் லப்டொப் உங்களுடையதாக, உங்களுடையதாக மட்டும் இருக்கட்டும். கையிலுள்ள பணத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பாவித்த டெஸ்க்டொப், ஒரு நல்ல மொனிட்டர், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் ஒரு யூ.பி.எஸ். எடுங்கள். இரண்டு லட்சத்தில் அதற்கு இடம் இருக்கிறது, கொஞ்சம் மிஞ்சவும் கூடும். மூன்று பேரும் ஒரு லப்டொப்பைப் பாவிக்கலாம் என்ற யோசனையைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

பம்பலப்பிட்டியில் இருபது வருடங்களுக்கு மேலாகக் கணினி திருத்துகிறேன். என் மேசைக்கு வரும் லப்டொப்களில் அதிகம் அடிபட்டு வருவது வீட்டில் எல்லோரும் மாறி மாறிப் பாவிப்பவைதான். மூடியின் பிணைச்சல் உடைந்திருக்கும், சார்ஜர் குத்தும் இடம் ஆட்டம் கண்டிருக்கும், கீபோர்டுக்குள் ஏதோ ஊற்றுப்பட்டிருக்கும். டெஸ்க்டொப்பின் கீபோர்டில் தேத்தண்ணி ஊற்றினால் போவது கீபோர்ட் மட்டும்தான், புதிதாக ஒன்று வாங்கிக் கொழுவிவிடலாம். லப்டொப்பிலோ கீபோர்டுக்கு நேர் கீழேதான் எல்லாவற்றையும் இணைக்கும் பலகையான மதர்போர்ட் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் ஒரு கோப்பை மைலோவும், அதே மேசையில் மூன்று வியாபாரிகளின் கணக்கு உள்ள லப்டொப்பும் இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் கணக்குகள்தான் எனக்குப் பெரிய கவலை. உங்களை நம்பி மூன்று பேர் தங்கள் கொள்வனவு, விற்பனை, கடன், சம்பளம் எல்லாவற்றையும் தந்திருக்கிறார்கள். அதே கணினியில் மகன் நண்பன் அனுப்பிய கேமை இறக்குவான், மகள் ஏதாவது ஒரு லிங்கை அமத்துவாள். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, அந்த வயதில் எல்லோரும் செய்வதுதான். கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் வைரஸ்கள் வருவதும் அந்த வழியால்தான். தொழில் செய்யும் கணினியும் வீட்டுக் கணினியும் வேறுவேறாக இருக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். உங்களிடம் இன்னும் அழுத்தமாகச் சொல்கிறேன்.

பகிர வேண்டியது கணினியை அல்ல, மொனிட்டரை. 24 அங்குல மொனிட்டர் ஒன்றை, பின்னால் இரண்டு வீடியோ துளைகள் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். ஒன்றில் பிள்ளைகளின் டெஸ்க்டொப். மற்றதில் ஒரு எச்.டி.எம்.ஐ. வயர், நுனியை மேசைக்கு மேல் வைத்திருங்கள். காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் உங்கள் லப்டொப்பை அந்த வயரில் கொழுவுங்கள். எண் பலகை உள்ள முழு அளவுக் கீபோர்ட் ஒன்றை யூ.எஸ்.பி.யில் குத்துங்கள். இனி நீங்கள் டெஸ்க்டொப்பில் வேலை செய்வதுபோலத்தான். இரண்டு மணிக்குப் பிள்ளைகள் வந்ததும் கழற்றிக்கொண்டு எழும்பலாம். 14 அங்குல லப்டொப்களில் பெரும்பாலும் தனி எண் பலகை இருக்காது. நாள் முழுக்க இலக்கம் அடிக்கும் உங்களுக்கு அது இல்லாத வேதனை தெரிந்திருக்கும். கழுத்துக்கும் இதுதான் நல்லது. லப்டொப்பில் ஸ்கிரீனும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால், கைக்கு வசதியாக வைத்தால் தலை குனிகிறது, கண்ணுக்கு வசதியாக உயர்த்தினால் தோள் ஏறுகிறது. மாத முடிவில் எட்டு மணித்தியாலம் அப்படி இருக்க முடியாது.

இனி மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை நாங்கள் யாரும் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்டது. அந்த 2022இல் ஒரு தமிழ் ஆசிரியர் என்னிடம் வந்தார். பாமினி எழுத்துருவில் மூன்று வருடமாக அடித்துச் சேர்த்த பாடக் குறிப்புகள், யூ.பி.எஸ். இல்லாத ஒரு டெஸ்க்டொப்பில், ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. கரண்ட் போய்ப் போய் வந்ததில் டிஸ்க் படுத்துவிட்டது. என்னால் பாதிக்கும் குறைவாகத்தான் எடுத்துக் கொடுக்க முடிந்தது. அவர் ஒன்றும் பேசாமல் அந்த டிஸ்க்கைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு போனார். அன்று முதல் யூ.பி.எஸ். இல்லாமல் டெஸ்க்டொப் கேட்பவருக்கு, அதையும் சேர்த்து எடுக்க முடிந்த நாளில் வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

லப்டொப்புக்கு அந்தக் கவலை இல்லை, பற்றரியே அதன் யூ.பி.எஸ். டெஸ்க்டொப்புக்கு 650 வீ.ஏ. அளவில் ஒன்று போதும். உள்ளே 12 வோல்ட், 7 அம்பியர்-மணி ஈயப் பற்றரி ஒன்று இருக்கும். நான் கீழே சொல்லும் சிறிய டெஸ்க்டொப்பும் மொனிட்டரும் சேர்ந்து 40, 50 வொட்தான் இழுக்கும் என்பதால் அரை மணித்தியாலத்துக்குக் கிட்டத் தாங்கும். சேமித்து, ஒழுங்காக நிறுத்த அது தாராளம். அந்தப் பற்றரி கொழும்பு வெக்கையில் இரண்டு மூன்று வருடம்தான் வரும். யூ.பி.எஸ்ஸையே எறிய வேண்டாம், பற்றரியை மட்டும் மாற்றலாம். பலர் மறப்பது ரவுட்டரை. கரண்ட் போனால் லப்டொப் ஓடும், இன்டர்நெட் நின்றுவிடும். ரவுட்டருக்கென்று கைக்குள் அடங்கும் 12 வோல்ட் குட்டி யூ.பி.எஸ். விற்கிறார்கள். 2022இல்தான் அது இங்கே வீட்டுக்கு வீடு வந்தது. மகளின் சூம் வகுப்புக்காகவே அதை எடுக்கலாம்.

இடிமின்னலையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வரும்போது சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள். பழைய செம்புக் கம்பி டெலிபோன் இணைப்பென்றால் அதையும் கழற்ற வேண்டும். ஃபைபர் இணைப்பில் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது.

உங்கள் வீட்டுக்கென்றே இன்னொரு விஷயம், கடற்காற்று. மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் யன்னல் கம்பி என்ன பாடு படுகிறது என்று பார்த்திருப்பீர்கள். அதே உப்பு கணினிக்குள்ளும் போகிறது. யூ.எஸ்.பி. துளைகள் துருப்பிடிக்கும், ரேம் என்ற நினைவகத் தகட்டின் பொன்னிறப் பற்கள் மங்கும். திடீரென்று "டிஸ்பிளே வருதில்லை" என்று வெள்ளவத்தையிலிருந்து தூக்கிக்கொண்டு வருபவர்களில் பலருக்கு, ரேமைக் கழற்றிப் பள்ளிப் பிள்ளையின் அழிறப்பரால் தேய்த்துத் திருப்பிப் போட்டதும் உயிர் வந்துவிடும். டெஸ்க்டொப்பில் இதை உங்கள் மகனே செய்யலாம். பிளக்கைக் கழற்றி, மூடியைத் திறந்து, பத்து நிமிட வேலை. லப்டொப்பில் கீழ் மூடியைக் கழற்றவே பழக்கப்பட்ட கை வேண்டும். பல மெல்லிய லப்டொப்களில் ரேம் மதர்போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியே வருகிறது, கழற்றவே முடியாது. உப்பும் தூசியும் உள்ள ஊரில் நாள் முழுக்க ஓடும் கணினி மேசையில் இருப்பதே மேல் என்று நான் நினைப்பதற்கு இது முதல் காரணம். கடல் பக்க யன்னலுக்கு நேரே மட்டும் மேசையைப் போடாதீர்கள்.

கரண்ட் பில்லைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, வீட்டில் யாராவது கேட்பார்கள். மொனிட்டரோடு சேர்த்து 70 வொட் இழுக்கும் சாதாரண டெஸ்க்டொப் தினம் 8 மணித்தியாலம் ஓடினால் மாதம் ஏறத்தாழ 17 யூனிட். சிறிய டெஸ்க்டொப் என்றால் 10 அல்லது 12. லப்டொப் தனியே ஓடினால் 5. ஒரு சீலிங் ஃபேன் இழுப்பதைவிட இது பெரிதல்ல. ஆனால் எங்கள் பில் 90, 120, 180 யூனிட் என்று படி ஏறும் பில். நீங்கள் படியின் விளிம்பில் நிற்கிறீர்களா என்று கடைசி மூன்று பில்லை எடுத்துப் பாருங்கள்.

இப்போது பிள்ளைகளின் டெஸ்க்டொப். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவை இங்கே நிறைய வருகின்றன. அலுவலகத்துக்கென்று செய்தவை என்பதால் உறுதியானவை. அவற்றிலும் புத்தகம் அளவுக்கு உள்ள மைக்ரோ வகையைத் தேடுங்கள். லப்டொப்பைப் போல வெளி அடப்டரில் ஓடும், அடப்டர் எரிந்தால் அதை மட்டும் மாற்றலாம், உள்ளே போடுவதும் லப்டொப் ரேம்தான். கேமுக்குக் கிராஃபிக் கார்ட் போட இடமில்லை. உயர்தரம் முடியும்வரை அது குறை அல்ல. மகனின் பாடத்துக்கு வேண்டிய பைத்தன், எச்.டி.எம்.எல்., பீ.எச்.பி., தரவுத்தள வேலைகள் எல்லாம் இதில் சிரமமில்லாமல் ஓடும்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க ஒரு இலக்கத்தை வாசிக்கப் பழகுங்கள். கணினியின் மூளையான இன்டெல் புரொசெசரை "ஐ5, ஐ5" என்று மட்டும் கடையில் சொல்வார்கள். அதற்குப் பின்னால் வரும் இலக்கத்தைக் கேளுங்கள். ஐ5-8500 என்றால் முதல் 8, எட்டாம் தலைமுறை. ஐ5-4570 என்றால் நான்காம் தலைமுறை. பத்தாம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு இலக்கமும் சேர்ந்து தலைமுறையைச் சொல்லும். விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஆறு, ஏழாம் தலைமுறைப் பெட்டியிலும் சுற்றுவழியால் விண்டோஸ் 11 போட்டுத் தருவார்கள். அது ஓடும், ஆனால் மைக்ரோசொஃப்ட் அதை ஆதரிப்பதில்லை, ஒரு அப்டேட்டில் நின்றால் கேட்க ஆளில்லை. ஆகவே எட்டுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

இலக்கத்தின் கடைசியில் வரும் எழுத்தும் முக்கியம். ஐ5-8500 என்பது 6 கோர், அதாவது உள்ளே வேலை செய்யும் அலகுகள் ஆறு, 65 வொட். மைக்ரோ வகையில் வரும் ஐ5-8500டீ அதே 6 கோர், 35 வொட். லப்டொப்பில் வரும் ஐ5-8250யூ என்பது 4 கோர், 15 வொட். மூன்றும் ஐ5தான், மூன்றும் எட்டாம் தலைமுறைதான். பற்றரியில் ஓடவும் சூடாகாமல் இருக்கவும் லப்டொப் கொடுக்கும் விலை அது. ஒரே காசுக்கு டெஸ்க்டொப்பில் கூடுதல் வேகம் கிடைப்பதற்கும் அதுவே காரணம்.

ரேம் 16 ஜீ.பி. கேளுங்கள், 8க்குக் குறைய எடுக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான எஸ்.எஸ்.டி. கட்டாயம், 256 ஜீ.பி. போதும். பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாஸாவில் குறைந்தது மூன்று கடை ஏறி எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். ஒரே பெட்டிக்கு மேல் மாடியில் ஒரு விலையும் கீழ் மாடியில் ஒரு விலையும் சொல்வார்கள். காசு கொடுக்கும் முன் கடையிலேயே அரை மணித்தியாலம் ஓட விட்டு, விண்டோஸ் அப்டேட் முடியும்வரை நில்லுங்கள். எல்லா யூ.எஸ்.பி. துளையிலும் பென் டிரைவைக் குத்திப் பாருங்கள். பில்லில் சீரியல் இலக்கமும் வொரண்டி மாதங்களும் எழுதியிருக்க வேண்டும். பாவித்த சாமானுக்குக் கடை தருவது கடையின் சொந்த வொரண்டிதான், கம்பனியின் ஏஜென்ட் வொரண்டி அல்ல. ஆகவே விலை ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும், அதே இடத்தில் பல வருடமாக இருக்கும் கடையாகப் பார்த்து எடுங்கள்.

தம்பிக்குச் சொல்ல வேண்டியவை. முதலில் கீபோர்ட். கனடாவில் பல லப்டொப்கள் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்த கீபோர்டோடு வரும். எண்டர் கீயும் இடது ஷிஃப்டும் சிறுத்து, குறியீடுகள் இடம் மாறி இருக்கும். கணக்கு எழுதும் கைக்கு அது பெரிய தொந்தரவு. "யூ.எஸ். இங்கிலிஷ் கீபோர்ட்" என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அடுத்தது வொரண்டி. அங்கே வாங்கியது இங்கே செல்லுமா என்பது கம்பனிக்குக் கம்பனி, மொடலுக்கு மொடல் வேறுபடும். வாங்கும் முன் அந்தக் கம்பனியின் தளத்தில் இலங்கை பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால், அந்தக் காசை உங்களுக்கு அனுப்பிவிட்டு, ஏஜென்ட் வொரண்டியோடு இங்கேயே எடுப்பதுதான் புத்தி. தம்பிக்கு மனம் நோகாது, அவர் தருவது லப்டொப்தானே, எங்கே வாங்கினால் என்ன? கரண்டைப் பற்றிப் பயமில்லை. கனடா 120 வோல்ட், நாங்கள் 230. லப்டொப் சார்ஜர்கள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட்வரை தாங்கும், சார்ஜரின் மேலேயே அச்சடித்திருக்கும், வாசித்துவிட்டுக் குத்துங்கள். பிளக்கின் வடிவம்தான் வேறு. அதற்கு மலிவான கன்வேர்ட்டரை மாட்டி ஆட விடாமல், சார்ஜருக்குப் போகும் வயரையே இங்கத்தைய 13 அம்பியர் சதுரப் பின் வயராக மாற்றிவிடுங்கள், சில நூறு ரூபா வேலை.

நிறை 1.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 100ஆம் இலக்க பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு நிற்கப்போவது நீங்கள், கடைக்காரர் அல்ல. ரேம் ஒட்டிய மொடல் என்றால் முதலிலேயே 16 ஜீ.பி. எடுக்கட்டும், பிறகு கூட்ட முடியாது. உள்ளே இருப்பது அடுத்தவர் கணக்கு. ஆகவே வந்த முதல் நாளே டிஸ்க்கை மறைகுறியாக்கம் செய்யும் அமைப்பை இயக்கி, அதன் மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி அலுமாரிக்குள் வையுங்கள். முச்சக்கர வண்டியில் விட்டுவிட்டு இறங்கினாலும் போவது லப்டொப் மட்டும்தான், கணக்கு யார் கைக்கும் போகாது. கிழமைக்கு ஒருமுறை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுங்கள், அந்த டிஸ்க்கை லப்டொப் பைக்குள் வைத்துத் தூக்கித் திரிய வேண்டாம்.

வீட்டில் மொனிட்டரோடு பாவிக்கும்போது நாள் முழுக்கச் சார்ஜரில் இருக்கும். பற்றரியைக் கெடுப்பது வெக்கையும் எந்நேரமும் 100 சதவீதத்தில் நிற்பதும்தான். லெனோவோ, டெல், எச்.பி., ஏசுஸ் நான்கிலும் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி பல மொடல்களில் இருக்கிறது. அதைப் போட்டு வையுங்கள். புறக்கோட்டைக்குப் போகும் முதல் நாள் இரவு மட்டும் நிறைத்துக்கொள்ளலாம். எப்போதாவது டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு வந்தால், அது பற்றரி ஊதுகிறது என்ற அறிகுறி. உடனே நிறுத்தித் திருத்துபவரிடம் கொண்டு போங்கள், அமத்திப் பார்க்க வேண்டாம்.

கடைசியாக அந்தப் பழைய பெட்டி. 2014இல் வாங்கியதென்றால் பெரும்பாலும் நான்காம் தலைமுறை, விண்டோஸ் 11க்கு வராது. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓடு மைக்ரோசொஃப்ட் வழமையான ஆதரவை நிறுத்திவிட்டது. ஆகவே அதில் இனிக் கணக்கு எழுத வேண்டாம் என்பது சரி. "எறியுங்கோ" என்பது சரியில்லை. அது மெதுவாக எழும்பக் காரணம் பெரும்பாலும் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்தான். ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை ஏற்றினால் மகனுக்கு பைத்தன் பழக, பயமில்லாமல் கழற்றிப் பூட்டிப் பார்க்க நல்ல பெட்டி. அவனுக்கு ஆர்வமில்லையென்றால் யாருக்கும் கொடுத்துவிடலாம். எதைச் செய்வதானாலும் முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுங்கள். பத்து வருடத்துக்கு மேலாகக் குடும்பம் முழுக்கப் பாவித்த டிஸ்க் அது. பிள்ளைகள் சிறுவயதில் எடுத்த படங்கள் எந்த ஃபோல்டரில் கிடக்கின்றன என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக இருந்து பாருங்கள். யூ.எஸ்.பி. கேசிங் ஒன்று வாங்கினால் உங்கள் லப்டொப்பிலேயே குத்தித் திறக்கலாம்.